ஓர் உழக்கு வெளிச்சம்: செட்டிநாட்டு வீட்டுக்குள் எக்ஸ்போஷர் படிப்பது

என் போனில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் வீட்டு நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமான அதே வளவு, அதே தூண், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அதே ஆச்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளிகூட இல்லை. முதல் படத்தில் வளவுக்குள் இறங்கும் வெயில் அப்படியே வந்திருக்கிறது, எதிர்ப்பக்கத்து ஓட்டு வரிசையை எண்ணிவிடலாம். ஆனால் ஆச்சியின் முகம் இருட்டுக்குள் போய்விட்டது, புடவைக் கரை மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறது. இரண்டாவது படத்தில் ஆச்சியின் தோட்டில் இருக்கும் கல் வரைக்கும் தெளிவு. வளவு இருந்த இடத்திலோ வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியது மாதிரி வெறும் வெளுப்பு.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பார்க்க வருகிற என் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் இந்த இரண்டில் ஏதோ ஒரு மாதிரிப் படத்தோடுதான் ஊர் திரும்புகிறார்கள். "நேர்ல அவ்வளவு நல்லா இருந்துச்சே, போட்டோவுல ஏன் இப்படி வருது?" என்று கேட்கிறார்கள். போன் பழசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். போனில் கோளாறு எதுவும் கிடையாது. எக்ஸ்போஷர் என்ற ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் இந்தக் கேள்வி போய்விடும். அதைக் கற்றுக்கொள்ளச் செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும். தெருவில் உச்சி வெயில். படியேறி முகப்புத் திண்ணைக்கு வந்தால் கண் கொஞ்சம் ஆறும். நிலைக்கதவைத் தாண்டும் இடம் சட்டென்று இருட்டு. நாலு எட்டு வைத்தால் வளவு: சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், நடுவே வானம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அந்த அறை ஒவ்வொன்றுக்கும் பெயரே 'வீடு'தான், கல்யாணமான மகனுக்கு ஒன்று என்ற கணக்கு. அதற்குள் பட்டப்பகலிலும் விளக்குப் போடாமல் எதுவும் தெரியாது. அப்புறம் இரண்டாம் கட்டு, அங்கே மறுபடி வானம். அதற்கும் பின்னால் அடுப்படி, பின்கட்டு. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில். கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் வாசலில் நின்று பார்த்தால் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று பட்டை பட்டையாகக் கடைசி வரை போகும். கண்ணுக்கு இது விருந்து. கேமராவுக்குச் சோதனை.

இந்த வீட்டை எனக்கு இவ்வளவு பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. கேமரா என்ற சொல்லுக்கு லத்தீனில் அறை என்றுதான் பொருள். இருட்டறை, அதில் ஒரு துளை, அந்தத் துளை வழியாக வரும் வெளிச்சம் எதிர்ச்சுவரில் எழுதும் படம்: கேமராவின் தொடக்கம் இவ்வளவுதான். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் இதைத் தினமும் பார்த்திருப்பார்கள். ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெயில் பொட்டுகள், இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் வட்டமாகவே விழும். ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம் என்பதால்தான் அந்த வட்டம். 2019 டிசம்பர் 26 காலை வந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதை புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமாகப் போனது. அன்று மேகம் விலகி வெயில் விழுந்த ஓட்டு வீடுகளில் அந்தப் பொட்டுகள் மோதிரம் மோதிரமாகத் தரையில் கிடந்திருக்கும். வீடே கேமராவாக நின்ற காலை அது.

சரி, எக்ஸ்போஷர் என்றால் என்ன? ஒரு படத்துக்காகக் கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறோம் என்ற அளவு. அதிகம் விட்டால் படம் வெளுக்கும், குறைத்துவிட்டால் இருளும். ஒளியளவு என்று தமிழில் சொன்னாலும் புரியும்தான். கேமராவிலும் போனிலும் எக்ஸ்போஷர் என்றே இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் கையில் மூன்று பிடிகள் உண்டு.

ஒன்று, லென்ஸில் இருக்கும் துளையின் அகலம். இதுதான் அப்பர்ச்சர். எஃப் 2, எஃப் 4, எஃப் 8 என்று குறிப்பார்கள். எண் கூடக்கூடத் துளை சிறுத்துக்கொண்டே போவது புதிதாகப் பழகுபவர்களைக் குழப்பும். வகுத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் 50ஐ 2ஆல் வகுத்து 25 மில்லிமீட்டர் அகலத் துளை. எஃப் 4 என்றால் பன்னிரண்டரை மில்லிமீட்டர். துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், கூடவே நாம் குறிவைத்த பொருளுக்கு முன்னும் பின்னும் இருப்பவை மங்கும். பெரும்பாலான போன்களில் இந்தத் துளையை மாற்றவே முடியாது. போனில் எடுப்பவர்கள் இதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது, எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறோம் என்பது. ஷட்டர் வேகம் என்று சொல்வது இதைத்தான். 1/30 என்றால் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம், 1/500 என்றால் ஐந்நூறில் ஒரு பங்கு. இது எனக்கு உண்மையில் விளங்கியது ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில்.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைக்கிறார்கள். அதன்மேல் பூ வடிவம் வெட்டிய அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டோடு கரைத்த நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று மெல்ல ஒட்டிக்கொள்ளும். மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கும் மேலே மணலும் சிமெண்டும் குழைத்த சாந்தை அப்பி அழுத்துகிறார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்துக் காயவிட்டால் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் கல்லின் மேல்முகம், அந்த வழவழப்பு அங்கிருந்து வருவது. அன்று நிறம் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டுக்கொண்டு கிட்டப்போய் எடுத்தேன். கை துல்லியமாக வர வேண்டும் என்று 1/500 வைத்திருந்தேன். படத்தைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கை நிக்குதே சார். நான் எங்க நிறுத்துனேன்?" என்றார்.

அவர் சொன்னது சரி. நிறம் கண்ணாடியில் விழுந்ததும் அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும், கை நின்றால் கலவை இறுகத் தொடங்கும், பூ பிசகும். அந்த ஓட்டம்தான் அவருடைய வேலை. 1/15க்கு இறக்கி, முழங்கையை முட்டில் ஊன்றிக்கொண்டு மறுபடி எடுத்தேன். கை ஒரு செம்பழுப்புத் தீற்றலாக வந்தது, கண்ணாடியும் பூவும் அசையாமல் கூர்மையாக நின்றன. இரண்டு படத்துக்கும் உள்ளே போன வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுதான், நேரம் கூடியதற்கு ஈடாகத் துளையைக் குறைத்துக்கொண்டேன். அளவு மாறவில்லை, அதை ஊற்றிய விதம் மாறியது. இப்படி எதற்கு எதை ஈடுகட்டுவது என்ற முடிவுதான் எக்ஸ்போஷரில் நம் பங்கு. அன்று அந்த முடிவைச் சொல்லிக்கொடுத்தவர் கேமராவைத் தொட்டே பார்க்காத ஒரு கைவினைஞர்.

மூன்றாவது பிடி ஐஎஸ்ஓ. உள்ளே வந்த வெளிச்சம் போதாதபோது கேமரா அதை மின்னளவில் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கினால் பிசிறும் சேர்ந்து பெருகும், படத்தில் ரவை தூவியது மாதிரிப் புள்ளிகள் வரும். அறைக்குள் வேறு வழியில்லாதபோது கூட்டிக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த படத்தைவிட ஆடிப்போன படம் மோசம் என்பது என் அனுபவம்.

இனி, இந்த மூன்றையும் எந்த அளவால் அளப்பது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வாருங்கள். பழைய வீடுகளில் இருந்து கழித்த நிலைகள், பீங்கான் ஜாடிகள், எனாமல் அடுக்குகள், வெண்கலப் பானைகள் எல்லாம் கடை வாசல் வரை அடுக்கியிருக்கும் தெரு. அங்கே ஒரு கடையில் பித்தளைப் பட்டை போட்ட அளவைகள் உயரவாரியாக நின்றன: ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு. கேமராவில் 'ஸ்டாப்' என்று சொல்வதும் இதே கணக்குத்தான். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. 1/60ல் இருந்து 1/30க்குப் போனால் ஒரு ஸ்டாப் அதிகம். ஐஎஸ்ஓ 200ல் இருந்து 400க்குப் போனாலும் ஒரு ஸ்டாப் அதிகம். அப்பர்ச்சரில் மட்டும் எஃப் 2, 2.8, 4, 5.6, 8 என்று கொஞ்சம் வேறு வரிசை. துளையின் பரப்பு பாதியாவதற்கு அகலம் அவ்வளவு குறைந்தால் போதும் என்பதால் அந்த எண்கள். நம் பாட்டிமார் அரிசி அளந்த கணக்கிலேயே வெளிச்சத்தையும் அளக்கலாம். புதிதாகப் பழகும் யாருக்கும் நான் அந்த அளவைகளின் படத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

இந்தக் கணக்கோடு வளவுக்குத் திரும்புவோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நேர் வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். விளக்குப் போடாத உள்ளறையில் 50 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் இடையே 2,000 மடங்கு. ஒன்றை இரட்டித்து, அதை மறுபடி இரட்டித்து என்று பதினொரு தடவை போனால் 2,048. ஆக, வளவுத் தரைக்கும் உள்ளறைக்கும் பதினொரு ஸ்டாப் தூரம். நடந்தால் பத்தடி. நல்ல பெரிய கேமராக்கள் இதைச் சமாளிக்கும். போனுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சின்ன சென்சார் ஒரே சொடுக்கில் இவ்வளவையும் கொள்ளாது. நம் கண் மட்டும் எப்படிப் பார்க்கிறது? கண் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. வளவைப் பார்க்கும்போது பாவை சுருங்குகிறது, அறைக்குள் திரும்பும்போது விரிகிறது, மூளை எல்லாவற்றையும் தைத்து ஒரே வீடாகத் தருகிறது.

இப்போதைய போன்கள் அதைப்போலச் செய்யப் பார்க்கின்றன. ஒரு தடவை தொட்டால் இருட்டாகவும் வெளிச்சமாகவும் பல படங்களை எடுத்துச் சேர்த்துவிடும், எச்டிஆர் என்பது அதுதான். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் செட்டிநாட்டு வீட்டில் அதை முழுக்க நம்ப எனக்கு மனம் வருவதில்லை. மூலை முடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாகிவிட்டால் அந்த வீட்டின் குளுமை படத்தில் இருந்து போய்விடுகிறது. வெயில் ஊருக்காக யோசித்துக் கட்டிய வீடு அது. தடித்த சுவர், தாழ்ந்த ஓட்டுச் சரிவு, சின்ன வாசல் எல்லாம் இருட்டைக் காப்பாற்றத்தான். அந்த இருட்டை அழித்துவிட்டு வீட்டைக் காட்டினால் எதைக் காட்டியதாகும்?

அடுத்து, புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது கேமராவின் கணிப்பு. ஆட்டோவில் விட்டால் எக்ஸ்போஷரை அதுவே முடிவு செய்கிறது. எப்படி? தன் முன்னால் இருப்பது எல்லாம் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கேமராவின் சராசரியும் ஏறக்குறைய அந்தக் கணக்கில் வருவது. தெருவையோ வயலையோ எடுத்தால் இது பெரும்பாலும் சரியாக வரும். செட்டிநாட்டில் வராது. இங்கே சுவர் பால் வெள்ளை. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்துப் பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர், கையால் தடவினால் இன்றைக்கும் குளுகுளு என்று வழுக்கும். படம் முழுக்க அந்தச் சுவர் நிறைந்தால் கேமரா "வெளிச்சம் ரொம்ப அதிகம்" என்று முடிவுகட்டி வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். பர்மாத் தேக்குத் தூணையோ நிலையையோ நிறைத்து எடுத்தால் நேர்மாறு. "இருட்டு" என்று பயந்து வெளிச்சத்தைக் கூட்டும், கருந்தேக்கு காப்பிப் பொடி நிறத்துக்கு வெளுத்துவிடும்.

தீர்வு சுலபம். வெள்ளைச் சுவர் என்றால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், கருந்தேக்கு என்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், அது இதற்குத்தான். போனில் எது முக்கியமோ அந்த இடத்தைத் திரையில் தொடுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் குறி வரும், அதை மேலே தள்ளினால் வெளிச்சம், கீழே இழுத்தால் இருட்டு. தொட்டு அப்படியே சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும், ஆள் கொஞ்சம் நகர்ந்தாலும் மாறாது.

ஆட்களை எடுக்கும்போது இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. அவரை வளவுக்கு முதுகு காட்ட வைக்காதீர்கள். தாழ்வாரத்தின் விளிம்பில், வளவைப் பார்த்தபடி உட்காரச் சொல்லுங்கள். வெயில் வளவுத் தரையில் பட்டுத் தெறித்து முகத்தில் கீழிருந்து மெதுவாக ஏறும். எந்த ஸ்டுடியோ விளக்குக்கும் அந்த மென்மை வராது. காலை ஒன்பது, பத்து மணி இதற்கு நல்ல நேரம்.

எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற இந்தச் சங்கடம் புதிதல்ல. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படம் எடுத்தவர். அப்புறம் சென்னை மாகாண அரசின் படக்காரரானார். ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்புகளாக வந்தன. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ் காலம் அது. அந்தக் காகிதம் நீல ஒளிக்கு மட்டும் மிகையாக இளகும். கட்டடம் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் முழுக்க வெளுத்துவிடும், மேகம் ஒன்றுகூட நிற்காது. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? பர்மாவில் எடுத்த நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைத் தன் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். வளவு வெளுத்துப்போன என் இரண்டாவது படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். பர்மாவில் இருந்து தேக்கு வந்து இறங்கிய சீமைக்குப் பக்கத்தில், அந்தப் பர்மாவையும் இந்தப் புதுக்கோட்டையையும் ஒரே மனிதர் படம் எடுத்திருக்கிறார் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

இந்த மண்ணிலேயே ஒரு முன்னோடியும் உண்டு. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை படித்தவர், நாடு நாடாகச் சுற்றித் தமிழில் பயணம் எழுதியவர். காந்தியைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 1940இல் வெளிவந்தது. அதற்காகப் பல நாடுகளுக்கு அலைந்து, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். கேட்டு வாங்குவதற்கு அவ்வளவு பொறுமை வேண்டும். பயணப் படம் எடுக்கிறவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுமையைத்தான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் எக்ஸ்போஷரில் எந்தக் கேமராவாலும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது: இந்தப் படத்தில் எது முக்கியம் என்பது. முனீஸ்வரன் கோயில் தெருவில் அதே கடையில் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. பளபளவென்று நிற்கிறதே என்று அந்த மினுக்கத்துக்காக எடுத்துவிட்டுக் கிளம்பினேன். கடைக்காரர் கூப்பிட்டு, "அடியில பாத்தீங்களா?" என்றார். விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. இன்னார் மகளுக்குக் கொடுத்த சீர் என்று தெரிவதற்காக வீட்டுத் தலைப்பெழுத்தை வெட்டுவது வழக்கம். ஒரு பெண் இந்தத் தூக்கோடு ஒரு வீட்டுக்குள் வந்திருக்கிறாள். அது தெரிந்த பிறகு மினுக்கம் எனக்கு இடைஞ்சலாகிவிட்டது. தூக்கை வாசல் பக்கமாகத் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் இறக்கினேன். பித்தளை அடங்கியது, ஒவ்வொரு புள்ளிக் குழியிலும் ஒரு சொட்டு நிழல் தங்கி எழுத்து எழுந்து வந்தது.

அதனால்தான் போன உடனே போனை எடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். எடுக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும், பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருப்பார். வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் வீட்டின் கதை அதிகம் தெரியும். எடுத்த படத்துக்குக் கீழே அன்றே ஊர், நாள், நேரம், அவர்கள் சொன்ன சொல் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். சொன்ன சொல்லைச் சொன்ன மாதிரியே எழுதுங்கள். ஒரு வாரம் போனால் அது உங்கள் சொல்லாகிவிடும்.

இப்போது அந்த இரண்டு படங்கள். அவை இரண்டையும் எடுத்தபோது எக்ஸ்போஷரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆச்சியிடம் காட்டினேன். இருட்டான படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார். "இதுதான் சரியா இருக்கு. இம்புட்டுப் பெரிய வீட்டுல நான் இப்படித்தான் இருக்கேன்" என்றார். பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் வெளிநாட்டிலும். கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் வந்தால் வளவு கொள்ளாது, மற்ற நாளில் ஆச்சியும் சமையலுக்கு வரும் ஓர் அம்மாவும்தான். தப்பான படம் என்று நான் அழிக்க இருந்தது அவருக்குச் சரியான படமாக இருந்தது.

"என்னைய எடுத்தது போதும் தம்பி. ஒன்னு காட்டுறேன், வாங்க" என்று எழுந்து நடந்தார். இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்கட்டு. அங்கே அடுப்படிக்கு வெளியே சுண்ணாம்புச் சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, வரிசையாகக் கரிக்கோடுகள். நடுவில் அங்கங்கே ஒரு சுழி.

"எங்க மாமியார் போட்டது. பால் கணக்கு. கோடு ஒன்னுக்கு ஓர் உழக்கு. சுழி போட்டிருந்தா அன்னைக்குப் பால்காரர் வரல. அவுக இறந்துபோன மாசத்துக் கணக்கு இது. பாதியில நிக்குதுன்னு பால்காரர் மாசக் கடைசி வரைக்கும் வந்து அவரே போட்டாரு. அதுக்கப்புறம் வெள்ளையடிக்க வந்தவுகள இந்த இடத்துல கைய வைக்க விடல."

போனில் அப்படியே எடுத்தால் என்ன வரும் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்: சாம்பல் சுவர், அதில் மங்கலான கோடுகள். கேமராவை எடுத்தேன். ஒரு ஸ்டாப் கூட்டினேன். வெள்ளை வெள்ளையாக வந்தது, கரி கரியாக நின்றது. கோடுகளை உற்றுப் பார்த்தால் ஓர் இடத்தில் கை மாறுவதும் தெரிந்தது. அதுவரை சாய்ந்த கோடு, அதற்குப் பிறகு நெட்டுக்குத்தாக, அழுத்தமாக. சுவரின் வலது ஓரத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி இருந்தது. அது உறுத்தியதால் அதை விட்டுவிட்டு இறுக்கமாக எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிதாக பிரிண்ட் போட்டு, பின்பக்கம் ஊரும் நாளும் ஆச்சி சொன்னதும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி வளவு ஓரத்து வெளிச்சத்துக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி முதலில் இருந்து எண்ணினார்.

"இருபத்தெட்டுதான் இருக்கு. முப்பது வேணும். அந்த ஓரத்துல, பெட்டிக்கு அடியில ரெண்டு கோடு உண்டு தம்பி. பால்காரர் போட்ட கடைசி ரெண்டு."

கேமரா தோளில்தான் இருந்தது. ஆச்சி படத்தைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். நான் பின்கட்டுக்கு அவர் பின்னால் போனேன்.